கணினி கேள்வி–பதில்: இணைய வானொலியைப் பதிவு செய்ய

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இணைய வானொலியை வீட்டுக் கணினியில் பதிவு செய்வது பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: சிங்கப்பூர் ஒலி 96.8 நிகழ்ச்சி ஒன்று நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் வருகிறது. வீட்டில் விண்டோஸ் கணினி இருக்கிறது. பதிவு செய்து வைத்து இரவில் கேட்க எளிய வழி என்ன?
– வாசகி, திருச்சி

பதில்: விஎல்சி பிளேயர் போதும். படம் பார்க்க ஏற்கெனவே போட்டு வைத்திருப்பீர்கள். 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' என்பதைத் திறந்து, வானொலியின் ஸ்ட்ரீம் (நிலையம் இடைவிடாமல் அனுப்பும் ஒலி ஓட்டம்) முகவரியை ஒட்டி, 'பிளே' அழுத்துங்கள். முகவரியை எங்கே பிடிப்பது என்பது அடுத்த பதிலில் வருகிறது. பாட்டு வர ஆரம்பித்ததும் 'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். கீழே புதிதாக ஒரு வரிசைப் பொத்தான்கள் தோன்றும். அதில் சிவப்பு வட்டம்தான் பதிவு. ஒருமுறை அழுத்தினால் தொடக்கம், மறுமுறை அழுத்தினால் முடிவு. கோப்பு எந்த ஃபோல்டரில் விழுகிறது என்று தேடி அலையாமல் இருக்க, 'டூல்ஸ்', 'பிரிஃபரன்சஸ்', 'இன்புட் / கோடெக்ஸ்' என்று போய், பதிவுக்கான ஃபோல்டரை முதலிலேயே குறித்துவிடுங்கள்.

ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிவு செய்யலாமே என்று பலர் கேட்பதுண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் அனுப்புவது ஏற்கெனவே எம்பி3 ஆகவோ ஏஏசி ஆகவோ சுருக்கிய தரவு. விஎல்சியின் சிவப்புப் பொத்தான் அதை மாற்றாமல் அப்படியே வட்டில் எழுதுகிறது; நிலையம் அனுப்பிய தரம் ஒரு துளியும் குறையாது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பிடித்து மறுபடி எம்பி3 ஆக்கினால், சுருக்கியதையே இரண்டாம் முறை சுருக்குகிறீர்கள். ஜால்ரா, சலங்கை, கைதட்டல், 'ஸ', 'ஷ' ஒலிகள் இவற்றில்தான் அந்தச் சேதம் முதலில் காதில் படும்.

காலையில் கிளம்பும்போது பொத்தானை அழுத்திவிட்டுப் போனால் நாள் முழுதும் பதிவாகும். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 ஆயிரம் பிட்) ஸ்ட்ரீம் மணிக்கு 57.6 எம்பி, ஒன்பது மணி நேரம் ஓடினாலும் 520 எம்பியைத் தாண்டாது. கணினி தூங்கிவிடக் கூடாது: 'செட்டிங்ஸ்', 'பவர்' பகுதியில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். திரை அணையலாம், அதனால் பாதகமில்லை. லேப்டாப் என்றால் மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்ற அமைப்பையும் 'டு நத்திங்' ஆக்க வேண்டும். இதில் ஒரே குறை, நடுவில் இணைப்பு அறுந்து மறுபடி சேர்ந்தால் சிவப்புப் பொத்தான் தானாக மறுபடி அழுந்தாது. அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் மதுரை வாசகருக்கான பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நிலையத்தின் இணையதள முகவரியை விஎல்சியில் கொடுத்தால் எதுவும் பாடவில்லை.
– வாசகர், கொழும்பு

பதில்: நீங்கள் கொடுத்தது பக்கத்தின் முகவரி. ஸ்ட்ரீமின் முகவரி அந்தப் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ அந்தப் பக்கத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய், 'மீடியா' என்ற வடிகட்டியைத் தேர்ந்துவிட்டு, அதன் பிறகு வானொலியின் பிளே பொத்தானை அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். பாட ஆரம்பித்த பிறகு எஃப்12 அழுத்தினால் ஏற்கெனவே போன கோரிக்கை அங்கே தெரியாது. முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி தெரியும். அதன் மேல் வலது கிளிக் செய்து முகவரியை நகலெடுங்கள்.

'மீடியா'வில் ஒன்றும் வரவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் எச்எல்எஸ் வகை. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த முறை. ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் பட்டியலை எம்3யு8 என்ற கோப்பில் அனுப்பும். வடிகட்டியை 'ஆல்' என்று மாற்றி, தேடும் பெட்டியில் எம்3யு8 என்று ஆங்கிலத்தில் தட்டினால் பட்டியலின் முகவரி கிடைக்கும். துண்டுகளின் முகவரியை எடுக்காதீர்கள். ஆறு விநாடி பாடி நின்றுவிடும்.

சில தளங்கள் பிஎல்எஸ் அல்லது எம்3யு என்று முடியும் சிறு கோப்பைத் தரவிறக்கும். அது வெறும் உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் உள்ளே உண்மையான முகவரி எழுதியிருக்கும்.

வானொலி ஸ்ட்ரீமை அனுப்பும் மென்பொருள்களில் ஒன்று ஷவுட்காஸ்ட். அதன் பழைய சர்வர்களில் ஒரு வேடிக்கை உண்டு. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் பாட்டுக்குப் பதிலாக நிலையத்தின் நிலவரப் பக்கம் வரும். கேட்பது பிரவுசர் என்று தெரிந்தால் பக்கத்தைக் காட்டும்படி அந்தச் சர்வரை எழுதியிருக்கிறார்கள். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஓர் அரைப்புள்ளியும் சேருங்கள், பாடும்.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமான எழுத்துக் குவியல் இருந்தால் எச்சரிக்கை. அது நேரக் கெடு உள்ள அனுமதிச் சீட்டாக இருக்கலாம். இன்று வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது. கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முயன்று பாருங்கள். பல நிலையங்களில் வெறும் முகவரியே பாடுகிறது.

கேள்வி: 64 கேபிபிஎஸ் வானொலியை 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆகப் பதிந்தால் தெளிவு கூடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: குழம்பில் தண்ணீர் ஊற்றினால் அளவுதான் கூடும், காரம் கூடாது. மணிக்கு 28.8 எம்பி ஆக இருந்தது 144 எம்பி ஆகும், அவ்வளவே.

கேள்வி: தினமும் ஒரு மணி நேர நிகழ்ச்சி தானாகப் பதிவாகி நிற்க வேண்டும். யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல்தான் இதற்குச் சரி. அதற்குச் சாளரமோ பொத்தானோ கிடையாது. கட்டளை வரியில் ஓடும். விண்டோஸுக்கான தொகுப்பை எங்கே எடுப்பது என்று அதன் அதிகாரபூர்வத் தளமே இணைப்பு தருகிறது. தேடலில் முதலில் நிற்கும் 'இலவச ரேடியோ ரெக்கார்டர்' தளங்கள் பக்கம் போகாதீர்கள். ரெக்கார்டரோடு வேண்டாத நான்கு நிரல்களும் வந்து சேரும்.

கட்டளையை எழுத்துக்கூட்டிச் சொல்கிறோம். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடையில் ஒவ்வோர் இடைவெளி விட்டு. முதலில் நிரலின் பெயர். அடுத்து ஹைஃபனும் 'ஐ' எழுத்தும், பிறகு ஸ்ட்ரீம் முகவரி இரட்டை மேற்கோளுக்குள். மேற்கோளை விட்டுவிடாதீர்கள்; முகவரியில் ஆம்பர்சாண்டு குறி இருந்தால் விண்டோஸ் அந்த இடத்தில் கட்டளையை இரண்டாக வெட்டிவிடும். அடுத்து ஹைஃபன் 'சி', இடைவெளி, 'காப்பி'. மறுபடி சுருக்காமல் வந்ததை அப்படியே எழுது என்று பொருள். இதை மறந்தால் நிரல் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதும். அடுத்து ஹைஃபன் 'டி' ('டைம்' என்ற சொல்லின் முதல் எழுத்து), பிறகு விநாடிக் கணக்கு. கடைசியில் சேமிக்கும் கோப்பின் முழுப் பாதை.

ஒரு மணி நேரத்துக்கு 3600 விநாடி என்று போட்டுவிடாதீர்கள். இணைய ஒலிபரப்பு சில விநாடி முதல் ஒரு நிமிடம் வரை கடிகாரத்துக்குப் பின்தங்கி வரும். எச்எல்எஸ் ஸ்ட்ரீமில் எஃப்எஃப்எம்பெக் பட்டியலின் கடைசி மூன்று துண்டுகளிலிருந்து ஆரம்பிப்பதால் அங்கேயே ஒரு தாமதம். நிகழ்ச்சி நீளவும் செய்யும். சேரும்போதே ஒரு விளம்பரத்தைக் காதில் ஓதிவிட்டுத்தான் நிகழ்ச்சிக்குப் போகும் நிலையங்களும் உண்டு. இரண்டு நிமிடம் முன்னதாகத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து முடியுங்கள். 67 நிமிடம், 4020 விநாடி.

கோப்பின் பின்னொட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வருவது ஏஏசியாக இருக்க, கோப்புக்கு எம்பி3 என்று பெயர் வைத்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். என்ன வருகிறது என்பதை விஎல்சியில் பாடவிட்டு, 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பார்த்தால் தெரியும். தலைவலி வேண்டாம் என்றால் எம்கேஏ என்ற பின்னொட்டைப் போடுங்கள். மட்ரோஸ்கா வகைக் கோப்பு அது. எம்பி3, ஏஏசி, ஆக், ஓபஸ் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும், விஎல்சியில் பாடும்.

முதலில் கட்டளைச் சாளரத்தில் 60 விநாடி ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'டிரிகர்ஸ்' பகுதியில் நேரம். 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் நிரலின் பாதை ஒரு பெட்டியிலும், மீதி எல்லாம் 'ஆட் ஆர்கியூமென்ட்ஸ்' பெட்டியிலும். 'கண்டிஷன்ஸ்' பகுதியில்தான் பொறி இருக்கிறது. மின்சாரத்தில் இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற டிக் அங்கே முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். லேப்டாப் பேட்டரியில் இருந்தால் பதிவு சத்தமில்லாமல் தவறிவிடும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே, தூங்கும் கணினியை எழுப்பு என்ற டிக்கைப் போடலாம். அதற்கு 'பவர் ஆப்ஷன்ஸ்' மேம்பட்ட அமைப்பில் 'அலோ வேக் டைமர்ஸ்' என்பதையும் அனுமதிக்க வேண்டும். ஆனால் இப்படி ஆள் இல்லாமல் எழுந்த கணினி, யாரும் தொடவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் மறுபடி தூங்கப் போய்விடும். பதிவு நடக்கிறது என்று எஃப்எஃப்எம்பெக் அதற்குச் சொல்வதில்லை. நம் அபிப்பிராயம்: எழுப்புகிற வித்தையை நம்பாமல், பதிவுள்ள நாளில் கணினியைத் தூங்கவிடாமல் வையுங்கள்.

கேள்வி: முதல் நாள் நன்றாகப் பதிவானது. இரண்டாம் நாள் முதல் ஒன்றும் இல்லை. ஷெட்யூலர் ஓடியதாகத்தான் காட்டுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கோப்பின் பெயர் ஒன்றே. அதே பெயரில் நேற்றைய கோப்பு கிடப்பதைப் பார்த்ததும், மேலே எழுதட்டுமா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்கும். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பெயரில் தேதி தானாக வர வேண்டும்.

அதற்கு, கோப்புப் பெயருக்கு முன் ஹைஃபன் 'எஃப்', இடைவெளி, 'செக்மென்ட்' என்றும், ஹைஃபன் 'செக்மென்ட்', அடிக்கோடு, 'டைம்', பிறகு 7200 என்றும், ஹைஃபன் 'எஸ்டிஆர்எஃப்டைம்', பிறகு 1 என்றும் சேருங்கள். பெயரில் சதவிகிதக் குறியும் பெரிய ஒய்யும் சேர்ந்தால் ஆண்டு. சதவிகிதமும் சின்ன எம்மும் மாதம். சின்ன டி ('டே' என்ற சொல்லின் முதல் எழுத்து) நாள். பெரிய எச் மணி. பெரிய எம் நிமிடம். மாதமும் நிமிடமும் ஒரே எழுத்து, சிறிதும் பெரிதும்தான் வித்தியாசம். மாற்றிப் போட்டால் 47-ஆம் மாதத்தில் பதிவான கோப்பு கிடைக்கும். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி போடாதீர்கள், விண்டோஸ் அதைப் பெயரில் ஏற்காது. ஆண்டை முதலில் வைத்தால் ஃபோல்டரில் கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.

இந்தச் சதவிகிதக் குறி இடத்துக்கு ஒரு குணம் காட்டும். ஷெட்யூலர் பெட்டியில் நேராக எழுதினால் ஒற்றையாக இருக்கட்டும். கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டும் பேட்ச் கோப்புக்குள் எழுதினால் இரட்டையாக எழுத வேண்டும். லினக்ஸிலோ ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலோ கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) அட்டவணையில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் முன் பின்சாய்கோடு வேண்டும். இல்லையென்றால் கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையைப் பாதியில் வெட்டிவிடும். முனையத்தில் ஓடிய கட்டளை கிரானில் ஓடவில்லை என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: பதிவின் நடுவே ஓரிரு இடத்தில் துண்டு காணாமல் போகிறது, ஒருமுறை ஒரே வாக்கியம் இரண்டு தடவை கேட்டது. விஎல்சியில் கேஷிங் அளவைக் கூட்டியும் பயனில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேஷிங் என்பது கேட்பவரின் காதுக்கு இடைவெளி தெரியாமல் மறைக்கும் திரை. பதிவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நடப்பது இதுதான்.

ஷவுட்காஸ்ட் போலவே வானொலி அனுப்பும் ஐஸ்காஸ்ட் வகைச் சர்வர், ஒவ்வொரு நேயருக்காகவும் கொஞ்சம் தரவை வரிசையில் நிறுத்தி வைக்கும். வழக்கமான அளவு 512 கேபி. 128 கேபிபிஎஸ் ஓட்டத்தில் அது முப்பத்திரண்டு விநாடிக்கு வரும். அதற்குள் உங்கள் இணையம் தடுமாறி மீண்டால், விட்டுப்போனது பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும், பதிவில் ஓட்டை விழாது. அதைத் தாண்டினால், இவர் பின்தங்கிவிட்டார் என்று சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். ரவுட்டர் அணைந்து எழுந்தால் முப்பது விநாடிக் கணக்கெல்லாம் இல்லை, பழைய இணைப்பு போயே போய்விட்டது. புதிதாகச் சேரும்போது, பாட்டு உடனே தொடங்குவதற்காக ஐஸ்காஸ்ட் கடைசி 64 கேபியை ஒரே மூச்சில் அனுப்பும். அது நான்கு விநாடி. நீங்கள் விலகியிருந்தது இரண்டே விநாடி என்றால், கேட்டதையே மறுபடி கேட்பீர்கள். அந்த இரட்டை வாக்கியம் அப்படி வந்ததுதான். இந்த அளவுகளை நிலையத்தார் மாற்றிக்கொள்ளலாம்.

எச்எல்எஸ் இந்த விஷயத்தில் தயவானது. கடைசிச் சில துண்டுகள் சர்வரிலேயே காத்திருக்கும். புது இணைப்பில் போய்க் கேட்டாலும் கிடைக்கும். ஒரே நிலையம் இரண்டு வகையிலும் ஒலிபரப்பினால், பதிவுக்கு எச்எல்எஸ் முகவரியை எடுங்கள்.

ஐஸ்காஸ்ட்தான் கதி என்றால், எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் ஹைஃபன் 'ஐ'க்கு முன்னால், ஒவ்வொன்றும் ஹைஃபனோடு தொடங்கும் நான்கு சொற்களைச் சேருங்கள். பின்னால் சேர்த்தால் வேலை செய்யாது. முதலாவது 'ரீகனெக்ட்', மதிப்பு 1. இரண்டாவது 'ரீகனெக்ட்', அடிக்கோடு, 'ஸ்ட்ரீம்டு', மதிப்பு 1. மூன்றாவது 'ரீகனெக்ட்', 'டிலே', 'மேக்ஸ்' மூன்றும் அடிக்கோட்டால் சேர்ந்தது, மதிப்பு 30 விநாடி. நான்காவது 'ஆர்டபிள்யூ', அடிக்கோடு, 'டைம்அவுட்', மதிப்பு 15000000. அது மைக்ரோவிநாடிக் கணக்கு, அதாவது 15 விநாடி. 15 என்று மட்டும் எழுதினால் இணைப்பு ஒரு கணமும் நிலைக்காது. இந்த நான்காவதை விட்டால் இன்னொரு கோளாறு: ரவுட்டர் திடீரென அணைந்தால் இணைப்பு முடிந்தது என்ற சேதி நிரலுக்கு வராது. அது தரவு வரும் வரும் என்று இரவு முழுக்கக் காத்துக்கொண்டிருக்கும்.

மின்வெட்டு உள்ள ஊர் என்றால், இவ்வளவையும் விட ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைப்பது மேல். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் சில ரவுட்டர்கள் அணைந்து எழும். திரும்ப இணையம் வர இரண்டு நிமிடம் ஆகும்.

கேள்வி: பதிந்த எம்பி3-யில் கடிகார முள் மாதிரி விநாடிக்கு ஒரு 'டிக்' கேட்கிறது. நேரலையில் கேட்டால் இல்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: பாட்டின் பெயர் உள்ளே கலந்துவிட்டது. ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் முறையில் பாட்டுப் பெயரை ஒலித் தரவின் நடுவிலேயே செருகி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் 16000 பைட்டுக்கு ஒருமுறை. 128 கேபிபிஎஸ் என்பதே விநாடிக்கு 16000 பைட்தான். அதனால்தான் உங்கள் 'டிக்' கடிகாரம் மாதிரி வருகிறது. 8192 பைட்டுக்கு ஒருமுறை அனுப்பும் நிலையமானால் அரை விநாடிக்கு ஒன்று கேட்டிருக்கும்.

பெயர் வேண்டும் என்று பிளேயர் கேட்டால்தான் சர்வர் அதைச் செருகும். கேட்ட நிரலே அதைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். நீங்கள் பயன்படுத்திய பதிவு நிரலோ டவுன்லோட் மேனேஜரோ கேட்டு வாங்கிவிட்டு, பிரிக்காமல் அப்படியே எழுதியிருக்கிறது. விஎல்சியோ எஃப்எஃப்எம்பெக்கோ இந்தத் தவறைச் செய்யாது.

பதிந்ததைக் காப்பாற்றவும் வழி உண்டு, நிரல் எழுதத் தெரிந்தவர் யாராவது வீட்டில் இருந்தால். கோப்பின் தொடக்கத்திலிருந்து 16000 பைட் எண்ணுங்கள். அடுத்த ஒரு பைட்டின் மதிப்பை 16-ஆல் பெருக்கினால் வருவது பெயரின் நீளம். பூஜ்யம் என்றால் பெயர் இல்லை. அந்த ஒரு பைட்டையும் அதைத் தொடரும் பெயரையும் நீக்கிவிட்டு, மறுபடி 16000 எண்ணுங்கள். பத்து வரி பைதான் நிரல் போதும். ஆடாசிட்டியில் திறந்து 'டிக்' நீக்கும் எஃபெக்ட் போடுவது வீண் வேலை.

கேள்வி: பதிவு நடக்கும்போது மின்சாரம் போனது. 50 எம்பி அளவில் எம்4ஏ கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: எம்4ஏ கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். எழுதும் முன் மின்சாரம் போனால், பொருளடக்கம் இல்லாத புத்தகம் அல்ல அது, அட்டையே ஒட்டாத தாள் கட்டு. எந்தப் பிளேயருக்கும் விளங்காது. 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவியால் மீட்க முயலலாம். அதே நிலையத்திலிருந்து அதே முறையில் பதிந்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுக்க வேண்டும்.

இனிமேல் பதியும்போது ஏஏசி, எம்பி3, எம்கேஏ இவற்றில் ஒன்றில் பதியுங்கள். பாதியில் நின்றாலும் அதுவரை உள்ளது பாடும். எம்4ஏ வேண்டும் என்றால் பதிவு முடிந்த பிறகு 'காப்பி' முறையில் மாற்றிக்கொள்ளுங்கள், சில விநாடி வேலை. ஏஏசி கோப்பில் நிமிடக் கணக்கு தப்பாகக் காட்டுகிறது, நகர்த்தினால் வேறு இடத்துக்குப் போகிறது என்று எழுதியவர்களுக்கும் இதே மருந்து.

கேள்வி: எனக்குப் பிடித்த நிலையம் பிரவுசரில் மட்டும்தான் பாடுகிறது, முகவரி எடுக்க முடியவில்லை. ஆடாசிட்டியில் பதிந்தால் வாட்ஸ்அப் மணிச் சத்தமும் சேர்கிறது, சில இடத்தில் நேரம் குறைகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஸ்பீக்கருக்குப் போவதைப் பிடிக்கும்போது கணினி எழுப்பும் எல்லாச் சத்தமும் சேரத்தான் செய்யும். பதிவு முடியும் வரை 'ஃபோகஸ்' அல்லது 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டு வையுங்கள்.

ஆடாசிட்டியில் ஆடியோ ஹோஸ்ட் 'விண்டோஸ் வாசாபி' ஆகவும், பதிவுக் கருவி உங்கள் ஸ்பீக்கர் பெயரோடு 'லூப்பேக்' என்று இருப்பதாகவும் தேருங்கள். 'ஸ்டீரியோ மிக்ஸ்' தேடி அலைய வேண்டாம்; புதிய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. நேரம் குறைவதற்குக் காரணம் லூப்பேக்கின் குணம்: கணினியில் எதுவுமே பாடாத நேரத்தில் அது தரவே தராது, பதிவும் நகராது. நிலையம் நடுவில் நின்று மீண்டால் அந்த இடைவெளி பதிவில் இருக்காது. சரியான நேரக் கணக்கு வேண்டும் என்றால், பின்னணியில் நிசப்தமான ஒலிக் கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிரவுசரின் ஒலி அளவு முழுதாக இருக்கட்டும்.

இடத்தையும் பாருங்கள். ஆடாசிட்டி தன் வழக்கமான 32 பிட் அமைப்பில் மணிக்கு 1.27 ஜிபி எடுக்கும். வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்தால் 635 எம்பி. அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது, அதாவது ஆறே முக்கால் மணி நேரம். இரவு முழுக்கப் பதிபவர்கள் ஃபிளாக் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். நேரம் குறித்துப் பதிய 'டைமர் ரெக்கார்ட்' வசதி இருக்கிறது.

கேள்வி: பாட்டுப் பாட்டாகத் தனித்தனிக் கோப்பாகப் பிரியுமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஸ்ட்ரீம்ரிப்பர் என்ற பழைய நிரல் பிரிக்கும். ஆனால் எச்டிடிபிஎஸ் முகவரிகள் அதற்குத் தெரியாது, இன்றைய நிலையங்கள் பல அதில் திறக்காது. பெயர் மாறும் கணத்தை வைத்துத்தான் வெட்டுகிறது. பெயரோ பாட்டு தொடங்குவதற்குச் சில விநாடி முன்னாலோ பின்னாலோ வரும். அறிவிப்பாளர் பாட்டின் மேல் பேசும் நம் வானொலிகளுக்கு இது ஒத்துவராது. ஒரே கோப்பாகப் பதிந்து, எம்பி3டைரக்ட்கட் நிரலில் கையால் வெட்டுங்கள். மறுபடி சுருக்காமல் சட்டகம் சட்டகமாக வெட்டும். ஒரு சட்டகம் 26 மில்லிவிநாடி, காதுக்கு அது போதும்.

கேள்வி: இப்படிப் பதிவது சட்டப்படி சரியா?
– வாசகி, சென்னை

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 39, ஒலிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்கோ நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கோ ஒருவர் பதிந்துகொள்வதை உரிமை மீறல் அல்ல என்கிறது. பதிந்ததை யூடியூபில் ஏற்றுவதும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விடுவதும் சொந்த உபயோகம் ஆகாது. சந்தாச் சேவைகளின் பூட்டை உடைத்துப் பதியும் வழிகளை இந்தப் பகுதியில் சொல்ல மாட்டோம். வெளிநாட்டில் வசிப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டொராண்டோ தமிழ் வானொலி நிகழ்ச்சி நவம்பரில் திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப் பதிவாகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அங்கே கடிகாரத்தை மாற்றியிருப்பார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நாம் அவர்களைவிட 9 மணி 30 நிமிடம் முன்னால். மற்ற மாதங்களில் 10 மணி 30 நிமிடம். அங்கே இரவு 8 மணி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. மறுநாள் என்பதைக் கவனியுங்கள்: அவர்களின் ஞாயிறு நிகழ்ச்சிக்கு உங்கள் ஷெட்யூலரில் திங்கள் குறிக்க வேண்டும்.

லண்டன் நிலையங்களுக்குத் தேதிகள் வேறு, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். வித்தியாசம் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணி. சிங்கப்பூரும் மலேசியாவும் கடிகாரத்தைத் தொடுவதில்லை, எப்போதும் நமக்கு இரண்டரை மணி முன்னால். மலேசியாவின் மின்னல் எஃப்எம்மில் மாலை 6 மணி நிகழ்ச்சிக்கு இங்கே 3.30.

கேள்வி: பாட்டுப் பெயர் தமிழில் வரும் நிலையத்தைப் பதிந்தால் காரில் கோணல் எழுத்துகளாகத் தெரிகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: தமிழ் எழுத்து யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், அதை ஒரு பைட்டுக்கு ஓர் ஐரோப்பிய எழுத்து என்று படித்தால் கொம்பு முளைத்த எழுத்துகள்தான் வரும். எம்பி3டேக் நிரலில் பெயரைத் தமிழில் மறுபடி தட்டி, ஐடி3 (எம்பி3 கோப்புக்குள் பாட்டுப் பெயரை எழுதும் முறை) பதிப்பு 2.3, யுடிஎஃப்-16 என்று சேமியுங்கள். பழைய ஐடி3 பதிப்பு 1-ஐ எழுதவே வேண்டாம். அதில் பெயருக்கு 30 பைட்தான் இடம், தமிழை எழுத முறையும் இல்லை. அதற்குப் பிறகும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கார் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.